கிளையிலிருந்து அடுப்பு வரை: வீட்டில் வளர்க்க வேண்டிய வாசனை இலைகள்

காய்கறி வாங்கி முடித்ததும் ஒரு கொத்து கறிவேப்பிலையும் கொஞ்சம் மல்லித்தழையும் கொசுறாக வந்து பையில் விழுவது நம் ஊர்ச் சந்தை வழக்கம். விலையில்லாமல் கிடைப்பதை எதற்காகத் தொட்டியில் வைத்து, தினம் தண்ணீர் ஊற்றி, பூச்சி பார்த்து வளர்க்க வேண்டும்? வீட்டுத் தோட்டம் பற்றிப் பேசுகிற யாரும் முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பணம் மிச்சமாகும் என்ற பதில் பெரும்பாலும் நிற்காது. தொட்டி, மண், உரம் என்று செலவைக் கூட்டிப் பார்த்தால் ஓராண்டு மல்லித்தழைக் கணக்கு அதில் அடங்கிவிடும்.

வேறொரு பதில் இருக்கிறது. வாசனை இலையை நாம் வயிறு நிரம்பச் சாப்பிடுவதில்லை. அதை மணத்துக்காகச் சேர்க்கிறோம். அந்த மணம் கிளையிலிருந்து இலை பிரிந்ததுமே குறையத் தொடங்குகிறது. ஓசூர்ப் பக்கத்து வயலில் மாலையில் பிடுங்கிய புதினா, இரவெல்லாம் லாரியில் வந்து, சென்னை கோயம்பேடு சந்தையில் இறங்கி, தெருமுனைக் கடையில் தண்ணீர் தெளிக்கப்பட்டு, நம் சட்டிக்கு வரும்போது பச்சை நிறம் மிஞ்சியிருக்கலாம். மணத்தில் ஒரு பங்கு போயிருக்கும். கிளைக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள இந்த நேரத்தைச் சுருக்குவதுதான் வீட்டில் வளர்ப்பதன் முதல் பயன். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் எதை வளர்ப்பது, எதை வாங்கிக்கொள்வது, எப்போது பறிப்பது, எப்போது சட்டியில் போடுவது ஆகிய நான்குக்கும் தெளிவான விடை கிடைக்கும். நம் அடுப்படி இலைகளை அந்த அளவுகோலால் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மணம் இருக்கும் இடம்

இலையின் மணம் என்பது எளிதில் ஆவியாகும் எண்ணெய். புதினாவிலும் துளசியிலும் இது இலையின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியாத சிறு சுரப்பி முடிகளில் இருக்கிறது. அதனால்தான் புதினாச் செடியைக் கை உரசினாலே வாசம் எழுகிறது. கறிவேப்பிலையிலும் எலுமிச்சை இலையிலும் எண்ணெய் இலைக்குள்ளே சிறு பைகளாக அடைந்திருக்கிறது. எலுமிச்சை இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனைப் புள்ளிகளாக அவற்றைப் பார்க்கலாம். இந்தப் பைகள் உடைய வேண்டும். கிள்ள வேண்டும், கசக்க வேண்டும், அல்லது சூடான எண்ணெயில் பொரிய வேண்டும்.

இந்த வேறுபாடு சந்தைக்கும் பொருந்தும். மணத்தை வெளியே வைத்திருக்கும் புதினா, பயணத்தில் உரசுப்பட்டு அதைச் சீக்கிரம் இழக்கிறது. தடித்த இலைக்குள் பூட்டி வைத்திருக்கும் கறிவேப்பிலை இரண்டு மூன்று நாள் தாங்குகிறது. உலர்ந்தால் கறிவேப்பிலையும் மணத்தைப் பெருமளவு இழக்கும். ரோஸ்மேரி, தைம் போன்ற மத்தியதரைக்கடல் நாட்டு இலைகள் வறண்ட வெயிலுக்குப் பழகியவை. காய்ந்த பிறகும் அவற்றில் எண்ணெய் நிற்கும். மல்லித்தழையைக் காயவைத்தால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய வைக்கோல்தான். நம் சமையலின் முக்கிய இலைகள் பச்சையாகவே வேண்டியவை என்பதால் இந்தக் கேள்வி நமக்குக் கூடுதல் முக்கியம்.

கறிவேப்பிலை: முதல் மரம்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஒரே ஓர் இலைதான் வளர்க்க இடமுண்டு என்றால் அது கறிவேப்பிலையாகத்தான் இருக்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது. இதன் தாவரவியல் பெயரிலுள்ள 'கோனிகி' என்ற சொல், தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரும் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவருமான யோகான் கெர்ஹார்டு கோனிக் என்பவரைக் குறிக்கிறது. காவிரிக் கழிமுகத்தின் கொல்லை மரமொன்று உலகத் தாவரவியலுக்குள் இப்படிப் போய்ச் சேர்ந்தது.

நன்கு கறுத்துப் பழுத்த பழத்தைப் பிதுக்கிச் சதையை நீக்கி, விதையை உடனே ஊன்ற வேண்டும். சில வாரங்கள் கிடந்தாலே முளைப்புத்திறன் போய்விடும். பழைய விதை வாங்கி முளைக்கவில்லையே என்று வருந்துவதைவிட, வளர்ந்த மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பெயர்த்து வைப்பது எளிது. மேட்டுப்பாளையம், காரமடை வட்டாரத்தில் பெரிய அளவில் பயிராகும் செங்காம்பு வகை, சிவந்த காம்பும் அடர்ந்த மணமும் உள்ளது. நாற்று வாங்கும்போது காம்பைப் பார்த்து வாங்கலாம்.

முதல் ஓராண்டு செடி ஏமாற்றும். வளர்கிறதா என்றே தெரியாது. இந்த நேரத்தில் இலை இலையாக உருவுவதுதான் பலர் செய்யும் தவறு. செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விடும். அதன்பின் இலை தேவைப்படும்போது ஒற்றை இணுக்கை உருவாமல் கிளையின் நுனியோடு ஒடிக்க வேண்டும். ஒடித்த இடத்தில் இரண்டு துளிர் வரும். பூங்கொத்து வந்தால் கிள்ளி எறிய வேண்டும். காய்க்க விட்டால் இலை குறையும். மார்கழி, தையில் இலை பழுத்து உதிர்வது நோயில்லை. குளிருக்கு அது அப்படித்தான் ஓய்ந்து, மாசி பங்குனியில் துளிர்க்கும்.

புளித்த மோர் ஊற்றுவது வீடுதோறும் உள்ள பழக்கம். ஊற்றலாம். ஆனால் புதுத்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. காரத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் ஊற்றும் வீடுகளில் இது அடிக்கடி வரும். மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. அன்னபேதி உப்பை நீரில் மிக நீர்க்கக் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் துளிர் பச்சையாகும்.

பறவை எச்சம் போலத் தோன்றி, பிறகு பச்சையாகப் பருக்கும் புழுக்கள் இந்தச் செடியில் வரும். அவை எலுமிச்சைக் குடும்பத்து மரங்களில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகளின் குழந்தைகள். வளர்ந்த மரமென்றால் அவற்றுக்கும் கொஞ்சம் இலை விடலாம். சிறு செடியென்றால் கையால் எடுத்து வேறு மரத்துக்கு மாற்றலாம். மருந்து தேவையில்லை.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இதே செடி இன்னொரு பாடம். டொராண்டோவிலும் லண்டனிலும் பனி விழும் முன் தொட்டியை வீட்டுக்குள் ஜன்னலோரம் கொண்டுவந்தால்தான் செடி பிழைக்கும். அமெரிக்காவில் புளோரிடா, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் கறிவேப்பிலைச் செடியை இடம் மாற்றவே கட்டுப்பாடுகள் உண்டு. ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் பசுமை நோயைப் பரப்பும் சிறு பூச்சி இந்த இலையிலும் வாழ்வதுதான் காரணம். அங்கே வசிப்பவர்கள் ஊரிலிருந்து கன்றோ விதையோ பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாமல், உள்ளூர் நாற்றங்காலில் வாங்குவதே முறை.

கொத்தமல்லி: குளிர்காலத்து விருந்தாளி

தொட்டித் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் விதைப்பதும் முதலில் தோற்பதும் கொத்தமல்லியில்தான். தனியா என்று நாம் சொல்வது ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் உண்டு. பூரிக்கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் முளைப்பு சீராகும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்று பறித்து நடக்கூடாது. இருக்கும் இடத்திலேயே விதைக்க வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 1 முதல் பல இரகங்களை வெளியிட்டிருக்கிறது. மளிகைக்கடைத் தனியாவைவிட விதைக்கென்று விற்பது நம்பத்தக்கது.

வெயில்தான் இதன் எதிரி. சூடு ஏறினால் செடி இலையை விட்டுவிட்டுப் பூக்கப் போய்விடும். இலை நூலாகச் சிறுத்து மணமும் மாறும். சமவெளியில் ஐப்பசி முதல் தை வரை விதைத்தால் முப்பது நாற்பது நாளில் நல்ல தழை கிடைக்கும். பங்குனியில் விதைத்துவிட்டுக் கைராசி இல்லையென்று நொந்துகொள்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது, தவறு கையில் இல்லை, மாதத்தில் இருக்கிறது என்பதுதான்.

அளவுகோலை இங்கே நேர்மையாகப் பயன்படுத்த வேண்டும். ஒருமுறை பிடுங்கினால் முடிந்துவிடும் செடி இது. ஒரு தொட்டி ஒன்றரை மாதம் நின்று ஒரு கட்டுத் தழை தரும். தினமும் ரசம் வைக்கும் வீட்டுக்கு அது போதாது. குளிர் மாதங்களில் பதினைந்து நாளுக்கொரு தொட்டி விதைக்கலாம். கோடையில் கடையில் வேரோடு வாங்கி, வேரை டம்ளர் நீரில் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மல்லித்தழை சிலருக்குச் சோப்பு வாசம் அடிப்பதும் கற்பனையில்லை. இலையின் மணத்துக்குக் காரணமான ஆல்டிஹைடுகள் சோப்பிலும் உள்ள வகையைச் சேர்ந்தவை. அவற்றைக் கூர்மையாக உணரவைக்கும் ஒரு மரபணு வேறுபாட்டை 2012இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். தழையை அரைத்தால் இந்த வாசம் தணியும் என்பதால், அப்படிப்பட்டவர்களுக்குத் தூவுவதைவிடத் துவையல் ஏற்கும்.

புதினாவும் ஓமவள்ளியும்: சிறு இடத்தின் செல்வங்கள்

வாடகை வீட்டில், ஒரே ஒரு ஜன்னல் விளிம்பு மட்டும் இருப்பவர்கள் புதினாவிலிருந்து தொடங்கலாம். கடையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளைத் தேர்ந்தெடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளி, நீரில் வைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வேர் விடும். பிறகு ஆழமில்லாத, அகலமான தொட்டியில் நட வேண்டும். இது மண்ணோரமாக ஓடும் தண்டுகளால் பரவும் செடி. மற்ற செடிகளோடு சேர்த்து வைத்தால் அவற்றை நெருக்கிவிடும் என்பதால் தனித் தொட்டி நல்லது. காலை வெயில் மூன்று மணி நேரமும் காயாத மண்ணும் போதும். தரையிலிருந்து இரண்டு கணு விட்டு மொத்தமாக வெட்டினால் மீண்டும் தழைக்கும். ஆண்டுக்கொருமுறை மண்ணை மாற்றி, இளந்தண்டுகளை மட்டும் திரும்ப நட வேண்டும். மணத்தைச் சீக்கிரம் இழப்பது, வெட்ட வெட்ட வளர்வது என்ற இரண்டு தகுதியும் உள்ள இலை என்பதால் வீட்டில் வளர்ப்பதன் முழுப் பலனும் இதில் கிடைக்கும்.

ஓமவள்ளியை ஒரு கிளை ஒடித்து மண்ணில் குத்தினால் போதும். அதிகத் தண்ணீர்தான் அதைக் கொல்லும். கற்பூரவள்ளி என்று சளிக்கு மட்டும் தேடும் இந்த இலையில் கார்வக்ரால், தைமால் என்ற எண்ணெய்கள் உள்ளன. ஓம விதையின் மணம் தைமாலால் வருவது; பீட்சாவில் தூவும் ஒரிகானோவின் மணம் கார்வக்ராலால் வருவது. எனவே பஜ்ஜி, ரசம், தயிர்ப்பச்சடி மட்டுமில்லாமல், தக்காளியும் பூண்டும் சேரும் எந்தச் சமையலிலும் ஒரிகானோவுக்குப் பதில் பொடியாக நறுக்கிப் போடலாம். புட்டியில் வரும் காய்ந்த தூளைத் தேடி அலையும் வீட்டின் வாசலிலேயே இந்த இலை நிற்கிறது.

திருநீற்றுப்பச்சிலையின் கதையும் இதுதான். நாம் மாலையில் தொடுத்து, விதையைச் சப்ஜா என்று சர்பத்தில் போடும் இச்செடி, இத்தாலியர்கள் சமையலில் கொண்டாடும் பேசில் செடியின் இனமே. நம் நாட்டு வகையின் மணம் சற்றுக் காரமானது. அளவு குறைத்துப் பயன்படுத்தலாம். பூக்கதிர் தலைகாட்டியதும் கிள்ளினால் மாதக்கணக்கில் இலை தரும்.

தெரிந்தும் மறந்த இலைகள்

இலங்கைத் தமிழர் சமையலில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் எப்போதும் ரம்பை இருக்கும். பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே சேர்மம்தான் ரம்பைக்கும் மணம் தருகிறது. சாதாரண அரிசி வேகும்போது ஒரு துண்டு ரம்பையைப் போட்டுப் பார்த்தால் இது புரியும். விதையில்லாத செடி, பக்கக் கன்றைப் பிரித்து நிழலும் ஈரமும் உள்ள மூலையில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

எலுமிச்சைப்புல்லின் தண்டை நீரில் வைத்தால் வேர்விடும். தேநீருக்கும் சுக்குக் கஷாயத்துக்கும் ஒரு தாள் போதும். எலுமிச்சை, நாரத்தை மரங்களைப் பழத்துக்காக மட்டுமே பார்ப்பவர்கள் அவற்றின் இளந்தளிரைக் கசக்கி நீர்மோரில் போட்டுப் பார்க்க வேண்டும். நரம்பு நீக்கிய நாரத்தை இலையை மிளகாய், ஓமம், பெருங்காயம், உப்புடன் இடித்துச் செய்யும் வேப்பிலைக்கட்டி, தயிர்சாதத்துக்கு ஈடில்லாத துணை. காய்க்காத தொட்டிச் செடியிலும் இலைக்குப் பஞ்சமில்லை.

தூதுவளை, முடக்கத்தான், வல்லாரை, பிரண்டை ஆகியவை மணத்துக்காக இல்லாமல் கைப்பிடி அளவில் உண்ணப்படுபவை. அவை கீரைக் கணக்கில் சேரும். இவற்றில் கொடியாக ஏறுபவற்றை, வேலி இருந்தால் வைக்கலாம்.

தொட்டி, மண், வெயில்

செம்மண், மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, ஒரு கை வேப்பம்புண்ணாக்கு சேர்த்தால் இந்த இலைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நார்க்கழிவை முதலில் நீரில் அலசி உப்பை நீக்க வேண்டும். உரம் மிகுந்தால் இலை பெரிதாகும், மணம் நீர்க்கும். வாசனைச் செடியைக் கொஞ்சம் சிக்கனமாகவே வளர்ப்பது நல்லது.

கருப்புப் பை வெயிலில் கொதித்து வேரை வேகவைக்கும். மண்தொட்டி நீரைக் கசியவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவிலும் விடுவதால் தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி வைக்க வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டாயம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது உப்பு. மழை பெய்யும்போது தொட்டிகளை நன்றாக நனையவிட்டால் அது அடித்துப் போகும்.

தமிழக அரசு 2013-14 காலத்தில் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளைக் கொடுக்கத் தொடங்கியபோது பல வீடுகளில் தோட்டம் பிறந்தது. காய்கறியை மட்டும் நம்பி ஆரம்பித்த பலர், இரண்டு மாதம் காத்து நான்கு கத்தரிக்காய் கண்டு சோர்ந்து விடுகிறார்கள். கறிவேப்பிலை தவிர மற்ற வாசனை இலை அப்படிக் காக்கவைக்காது. அது நடுவதற்கும் பயன் காண்பதற்கும் இடைவெளி குறைந்த பயிர். புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் பாடமாக அதைத்தான் கொடுக்க வேண்டும்.

அடுப்பில் எப்போது

நன்றாக வளர்த்ததைத் தவறான நேரத்தில் போட்டு வீணாக்கலாம். பறிப்பதற்கு நல்ல நேரம் பனி உலர்ந்து வெயில் ஏறாத காலை. முடியாவிட்டால் சமைக்கும்போதே பறிக்கலாம்.

இலையின் எண்ணெய் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தாளிப்பின் அறிவியல் இதுதான். சூடான எண்ணெயில் விழுந்த கறிவேப்பிலையின் ஈரம் வெடித்து ஆவியாகும்போது உள்ளிருந்த பைகள் உடைந்து, மணம் எண்ணெய்க்குள் இறங்கி, அந்த எண்ணெய் வழியாகக் குழம்பு முழுவதும் பரவுகிறது. கடுகு வெடித்து முடிந்தபின் இலை, உடனே அடுத்த பொருள் என்ற வரிசையில் ஒரு நொடித் தாமதமும் கணக்கு. கருகினால் மணம் கசப்பாகும். மோர்க்குழம்பு, சட்னி போன்றவற்றில் தாளித்ததைக் கொட்டியதும் மூடி வைப்பது அந்த ஆவியை உள்ளே நிறுத்தத்தான். ரம்பையும் முதலில் எண்ணெயில் போக வேண்டிய இலை.

மல்லித்தழை நேர்மாறு. அதன் ஆல்டிஹைடுகள் சூட்டில் நிற்காது. ரசம் நுரைகூடியதும் இறக்கி, தழை தூவி, மூட வேண்டும். கொதிக்கவிட்டால் நிறமும் போகும், மணமும் போகும். தண்டில் மணம் நிறைய இருப்பதால் அதை எறியாமல் நசுக்கி ரசத்தோடு கொதிக்கவிடலாம். புதினா இரு பக்கமும் செல்லும்: பிரியாணியில் எண்ணெயில் வதங்கி அடித்தளமாகும், பச்சடியில் பச்சையாக நிற்கும்.

அரைக்கும்போது மிக்ஸியின் சூடும் காற்றும் இலையைக் கறுக்கச் செய்யும். குளிர்ந்த நீர் கொஞ்சம், எலுமிச்சை அல்லது புளி கொஞ்சம், விட்டு விட்டு ஓட்டுவது ஆகிய மூன்றும் சட்னியின் பச்சையைக் காக்கும். அம்மியில் அரைத்த துவையல் மணப்பதற்குக் காரணம், அது சூடேறாமல் இலையைக் கிழிக்காமல் நசுக்குவதுதான்.

மிஞ்சியதை ஈரம் துடைத்து, துணியில் சுற்றி, மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்கலாம். பழுக்கும் வாழைப்பழத்துக்கு அருகில் வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் இலையை மஞ்சளாக்கும். திருநீற்றுப்பச்சிலை மட்டும் குளிர் தாங்காமல் கறுக்கும். அதை வெளியே நீரில் நிறுத்த வேண்டும்.

நஞ்சும் நலமும்

இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிமருந்து எச்சத்துக்காகக் கூடுதலாகச் சோதிக்கும் பொருட்களின் பட்டியலில் வைத்தது. காரணம் விளங்காததில்லை. ஓட்டையில்லாத இலைக்கே சந்தையில் விலை. இலைக்குத் தோல் இல்லை, உரித்துவிட்டுச் சாப்பிட முடியாது. மருந்தடித்ததற்கும் பறித்ததற்கும் இடையே போதிய நாள் விடாவிட்டால் எச்சம் நேரே தட்டுக்கு வரும். வாங்கிய இலையைப் பலமுறை ஓடும் நீரில் அலசுவது கட்டாயம். வீட்டில் வளர்த்த இலையில் என்ன தெளிக்கப்பட்டது என்பது நமக்கே தெரியும். ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல், தெளித்தபின் ஒரு வாரம் பறிக்காமை என்பதோடு வேலை முடியும்.

சத்துக் கணக்கில் மிகைப்படுத்தக்கூடாது. 100 கிராம் கறிவேப்பிலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பது உண்மை. ஆனால் தாளிப்பில் போடுவது ஓரிரு கிராம், அதையும் தட்டோரம் ஒதுக்குகிறோம். பொடியாகவும் துவையலாகவும் கறிவேப்பிலைக் குழம்பாகவும் கைப்பிடி அளவில் உண்ணும்போதுதான் சத்து கணக்கில் வரும். செடி வீட்டில் இருந்தால் அந்தக் கைப்பிடி தயக்கமில்லாமல் வரும் என்பதே வளர்ப்பதன் உடல்நலப் பயன்.

முடிவாக

சீக்கிரம் மணம் இழந்து வெட்ட வெட்ட வளரும் புதினா, ஓமவள்ளி, திருநீற்றுப்பச்சிலை மூன்றும் எந்த வீட்டிலும் வளர்க்கத் தக்கவை. ரம்பையும் எலுமிச்சைப்புல்லும் ஒருமுறை வைத்தால் போதும். கொத்தமல்லியைக் குளிர் மாதங்களில் வளர்த்து, மற்ற நாளில் வேரோடு வாங்கலாம். கறிவேப்பிலைக்குத் தொட்டி ஒரு சமரசம்தான்; அது மண்ணில் நிற்க வேண்டிய மரம்.

பாத்திரம் கழுவும் தண்ணீர் பாய்ந்த கொல்லைப்புறத்தில் அந்த மரம் கேட்காமலே வளர்ந்தது. இன்று கொல்லைகள் அடுக்ககங்களாகிவிட்டன; வாகனம் நிறுத்தும் இடத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசி, மிஞ்சிய கோட்டில் பூக்காத அழகுச் செடிகளை நடுகிறார்கள். அந்தச் சுற்றுச்சுவரோரம் மூன்றடி மண் விட்டு ஒரு கறிவேப்பிலை மரம் வைத்தால், நன்கு வளர்ந்த ஒரே மரம் பல குடும்பங்களின் தினசரித் தாளிப்புக்குப் போதும். இதற்குத் தனித் திட்டமோ மானியமோ வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும். அடுத்த மழைக்கு முன் கன்றை நட்டுவிடலாம்.